அம்மா வந்து இறங்கிய மாரி

சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் சேர்த்து அவித்த தண்ணீர் கண்ணுக்குள் போனால் எப்படி எரியும் என்பது, அதில் முழுகி வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மா சவூதியிலிருந்து வரப்போகிற அன்று காலை, தர்மபுரத்தில் எங்கள் கிணற்றடியில் சித்தி என்னை இருத்திவைத்து அந்தத் தண்ணீரால் தலையைத் தேய்த்த தேய்ப்பில், எரிச்சலால் வந்த கண்ணீர் எது, அழுததால் வந்த கண்ணீர் எது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. முழுக வார்க்கும் நாட்களில் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிற சித்தி அன்று வாய் திறக்கவில்லை. கடைசி வாளியையும் ஊற்றி, துவாயால் என் முகத்தை ஒற்றிவிட்டு, ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததையே திரும்பவும் சொன்னார்.

"இண்டையிலயிருந்து நான் சித்தி. வாறவாதான் அம்மா. விளங்குதே பிள்ளை?"

எனக்கு விளங்கத்தான் செய்தது. விளங்கியதுதான் பிரச்சினை. எனக்கு அப்போது பதினொரு வயது. நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் "அம்மா" என்று கூப்பிட்டது சித்தியைத்தான்.

விறகு வெட்டக் காட்டுக்குப் போன அப்பா மிதிவெடியில் இறந்தபோது நான் கைக்குழந்தை. சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில், வேறு வழி தெரியாமல், அம்மா வீட்டு வேலைக்கென்று சவூதிக்குப் போனார். எனக்கு மூன்று வயது. இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லி, தன் தங்கையிடம் என்னை விட்டுவிட்டுப் போனாராம். அதற்குள் திரும்பவும் சண்டை தொடங்கியது, பாதை பூட்டப்பட்டது, தொலைபேசி இல்லாமல் போனது. கண்டாவளைப் பக்கத்திலிருந்து கிழக்கே கடற்கரைவரை ஊரோடு ஊராக நாங்கள் நகர்ந்துகொண்டே போன மாதங்களில், பங்கருக்குள் என்னைக் கீழே போட்டு எனக்கு மேல் கவிழ்ந்து படுத்தது சித்தி. முகாமில் எனக்கு வயிற்றோட்டம் கண்டபோது தண்ணீர் வரிசையில் நின்று நின்று கால் வீங்கியதும் சித்தி. அப்படி வந்தவரை இனிமேல் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் ஒரு பிள்ளையின் நாக்கு எப்படித் திரும்பும்?

அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் எனக்குள் இருந்தது. குசினிக்குப் பின்னால் நின்று பாத்திரம் கழுவியபடி மாமி சித்தியைப் பற்றி அயலிலிருந்த தங்கம்மாக்காவுக்குச் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். மாமி என்பது அம்மாவின் அண்ணனுடைய மனைவி. எங்கள் வளவுக்கு அடுத்த வளவுதான் அவர்களுடையது. "வவுனியா நெளுக்குளத்தில ஒரு பொடியன் இவளுக்கெண்டு எத்தினை வருசமாக் காத்திருக்கு. பெத்தவள் வந்திட்டால் இவளின்ரை கழுத்திலயும் ஒரு தாலி ஏறும்" என்றார் மாமி. தங்கம்மாக்கா அதற்கு, "ஓம், மற்றவையின்ரை பிள்ளையை வளக்கிறது வாடகைக் காணியில கிணறு வெட்டுற மாதிரித்தானே" என்றார். ஒருவர் வந்தால் மற்றவர் போய்விடுவார் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு, வருகிறவர் வராமலே இருக்க வேண்டும் என்று பிள்ளையார் கோயிலில் நின்று கும்பிட்டிருக்கிறேன்.

அம்மாவின் குரல் மட்டும் எனக்குத் தெரியும். நாங்கள் முகாமிலிருந்து வந்த பிறகு, சவூதியில் அவர் வேலை செய்த வீட்டுக்காரர் மனம் வைத்த நாட்களில் மாமாவின் தொலைபேசிக்கு அழைப்பு வரும். "சாப்பிட்டியா? படிக்கிறியா? சித்தி சொல்லுறதைக் கேக்கிறியா?" என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் நான் "ஓம்" என்பேன். பிறகு இரண்டு பக்கமும் இரைச்சல் மட்டும் கேட்கும். கடவுச்சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்று விடுகிறேன், நாளைக்கு விடுகிறேன் என்று வருடங்களை இழுத்தடித்த அந்த வீட்டிலிருந்து அவர் எப்படி வெளியே வந்தார் என்பது வேறு பெரிய கதை.

பெயர்த்தெடுக்கப்பட்ட தண்டவாளத்தைத் திரும்பவும் போட்டு, கிளிநொச்சிவரை ரயில் ஓடத் தொடங்கிய புதிது அது. கட்டுநாயக்காவில் அம்மாவை எடுத்துக்கொண்டு ரயிலிலேயே வருகிறேன் என்று மாமா முதல் நாளே கொழும்புக்குப் போய்விட்டார். நாங்கள் ஒரு ஓட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனோம்: சித்தி, மாமி, மாமியின் மகள் நிரோஷா, நான், தன்னையும் கூட்டிப்போக வேண்டும் என்று ஏறிக்கொண்ட தங்கம்மாக்கா. நிரோஷாவுக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் புதுச் சட்டை போட்டு, மாமி கட்டித் தந்த கனகாம்பர மாலையைக் கையில் வைத்திருந்தாள். அந்த மாலையை நான்தான் போட வேண்டும் என்றுதான் ஏற்பாடு; நான் வாங்க மறுத்ததால் அது அவள் கைக்குப் போனது.

ரயில் தாமதம் என்றார்கள். மழை வரப்போகிற மதியத்துப் புழுக்கம். சித்தி வாங்கில் இருக்கவும் மாட்டாமல், நிற்கவும் மாட்டாமல், சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் அந்தச் சேலையின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன். தூரத்தில் ஊதும் சத்தம் கேட்டபோது சித்தியின் உள்ளங்கை என் தோளில் வந்து அமர்ந்தது.

சனம் இறங்கி, வாசல்களெல்லாம் வெறுமையான பிறகுதான் கடைசிப் பெட்டியிலிருந்து மாமா இறங்கினார். அவருக்குப் பின்னால், கறுப்பு நீள உடுப்பும் தலையைச் சுற்றிய துணியுமாக ஒரு மெலிந்த பெண். என் கற்பனையில் இருந்தவர் உயரமானவர், சித்தியைவிட அழகானவர். வந்தவருக்கோ கன்னம் ஒட்டி, நெற்றி ஓரத்தில் முடி நரைத்திருந்தது. எங்களைக் கண்டதும் அவர் நடந்து வரவில்லை, ஓடி வந்தார். ஓடி வந்து, மாலையோடு முன்னால் நின்ற நிரோஷாவை அப்படியே வாரி அணைத்து, "என்ரை குஞ்சு, என்ரை பிள்ளை" என்று அவளுடைய தலையிலும் கன்னத்திலும் மாறி மாறிக் கொஞ்சினார். நிரோஷா மாலையோடு விறைத்துப்போய் நின்றாள்.

கடைசியில் மாமிதான் மெல்ல, "மச்சாள், அது நிரோஷா. எங்கட பிள்ளை" என்றார்.

அம்மாவின் கைகள் உடனே விலகவில்லை. முதலில் ஒன்று, பிறகு மற்றது என்று தளர்ந்தன. சித்திக்குப் பின்னால் நின்ற என்னை அவர் அப்போதுதான் பார்த்தார். பிறர் பொருளைத் தவறி எடுத்துப் பிடிபட்டவர் பார்ப்பது போன்ற பார்வை அது. முகாமிலிருந்து வந்த காலத்தில் மாமா அனுப்பிய ஒரே ஒரு படத்தில் நிரோஷாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோமாம். இரண்டில் எது தன்னுடையது என்று கேட்க வெட்கப்பட்டு, வட்ட முகக்காரிதான் தன் பிள்ளை என்று அவராகவே முடிவு செய்து, அத்தனை வருடமும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு படுத்தாராம். இதெல்லாம் எனக்கு எவ்வளவோ காலத்துக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, என்னைப் பெற்றவருக்கு என்னைத் தெரியவில்லை என்பது மட்டும். போதாததற்குத் தங்கம்மாக்கா, "பெத்தவளுக்குப் பிள்ளையைத் தெரியாத காலமும் வந்திட்டுது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

சித்தி என்னை முன்னால் தள்ளினார். நான் சேலையை விடவில்லை. அம்மா கிட்ட வந்து, தொடலாமா என்று கேட்பதுபோல் சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, விரல் நுனியால் என் முடியை மட்டும் தொட்டார். "வளந்திட்டா" என்றார். அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் ஆலாத்தி எடுத்தார்கள். அயலெல்லாம் கூடி வந்து, பெட்டி திறப்பதைப் பார்த்து, சவூதி எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல ஒரு இறுக்கத்தை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை. அம்மா கதிரையில் இருக்கமாட்டார். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, குசினியின் மூலையில் நின்றபடியே சாப்பிடுவார். விடியுமுன்னரே எழும்பி முற்றம் கூட்டி, தண்ணீர் அள்ளி, உடுப்புகளைத் தோய்த்துக் காயப்போட்டிருப்பார். சீனிப் போத்தலை எடுப்பதற்கும் "சாந்தி, இதை எடுக்கட்டா?" என்று சித்தியிடம் கேட்பார். ஒரு நாள் சித்தி பொறுக்கமாட்டாமல், "இது உங்கட வீடக்கா! என்னட்டை ஏன் கேக்கிறீங்கள்?" என்று கத்தியே விட்டார். அம்மா போத்தலைத் திரும்ப வைத்துவிட்டு, "பிழையா நினைக்காதை" என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று அழுதார்கள்.

ஊருக்கோ ஒரே ஒரு கேள்விதான். கிணற்றடியில், கடையில், பள்ளிக்கூட வாசலில் எல்லாரும் அதையே கேட்டார்கள்: "கூப்பிட்டாளோ?" நான் கூப்பிடவில்லை. அம்மாவையும் கூப்பிடவில்லை, சித்தியையும் கூப்பிடவில்லை. விளிப்பே இல்லாமல் ஒரு வீட்டில் எப்படிக் காலம் தள்ளலாம் என்பதை அந்த நாட்களில் நான் பழகிக்கொண்டேன். ஏதாவது தேவையென்றால் ஆளுக்குக் கிட்டப் போய் நின்றுகொள்வேன். அல்லது சுவரைப் பார்த்துச் சொல்வேன்.

மாமாவுக்கு இது தாங்கவில்லை. கண்டாவளை வயலில் விதைப்பு முடித்துவிட்டு வந்த ஒரு பின்னேரம், தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்த அம்மாவைக் காட்டி, "இவா ஆர்? சொல்லு" என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். "சொல்லடி! வாயில என்ன, கொழுக்கட்டையோ? எட்டு வருசம் உனக்காகக் கிடந்து தேஞ்சு வந்திருக்கிறாள். கூப்பிடு!" என்று கையை ஓங்கிக்கொண்டு எழும்பினார். சித்தி ஓடிவரும் முன் அம்மா குறுக்கே வந்து நின்றார். அவர் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அடியாதேங்கோ அண்ணை. அடிச்சுப் பறிக்கிற பேரில்லை அது."

பிறகு என் பக்கம் திரும்பி, குந்தியிருந்து, என் கண்ணைப் பாராமல் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னார். "சாந்தி உனக்கு அம்மா. அதிலை ஒரு மாற்றமுமில்லை. நான் அவவுக்கு அக்காதானே. அப்ப உனக்கு நான் பெரியம்மா. அப்பிடிக் கூப்பிடு பிள்ளை. பிழையில்லை."

மாமா கையைக் கீழே போட்டார். சித்தி குசினி வாசலில் சரிந்து இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு வென்றது போலவும் இருந்தது, எதையோ உடைத்தது போலவும் இருந்தது.

மாரி மழை பிடித்துக்கொண்டது. வளவெல்லாம் தண்ணீர் நின்றது, நுளம்பு பெருகியது. அந்தக் கிழமையே எனக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் வெறும் தடிமன் காய்ச்சல் என்றார்கள். பிறகு எலும்பெல்லாம் முறிகிற மாதிரி நோ எடுத்து, பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தபோது, மாமா மழைக்குள் ஓட்டோ பிடித்து என்னைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டெங்கு. என் ஒரு பக்கம் சித்தி, மறு பக்கம் அம்மா. பிள்ளைகள் வார்ட்டின் வாசலில், நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுகிற தாதி மறித்தார்.

"தாய் ஒராள் மட்டும் நிக்கலாம். ஆர் தாய்?"

சித்தியின் கை என் கையிலிருந்து மெல்லக் கழன்றது. விட்டுக்கொடுக்கத்தான் கழற்றினார். ஆனால் அவர் ஒரு சொல் சொல்லுமுன்னர் அம்மா சித்தியைக் காட்டி, "இவாதான்" என்றார். சொல்லிவிட்டு, மறுத்துக் கதைக்க இடம் கொடாமல், விறாந்தையால் வேகமாக நடந்து போய்விட்டார்.

பிறகு எத்தனை நாள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பிளேட்லட் இன்னும் இறங்குது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். சித்தி என் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். வெளியிலிருந்து நேரம் தவறாமல் கஞ்சியும் பப்பாசி இலைச் சாறும் வந்தன. எதிர்க் கட்டில்காரப் பெண் ஒரு நாள் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த வேம்புக்குக் கீழ பொலித்தீனைப் போத்துக்கொண்டு இருக்கிறவ உங்கட வீட்டு வேலைக்காரியோ? மழைக்கும் எழும்பிறா இல்லை" என்று கேட்டார்.

சித்திக்கு முகம் கறுத்துப்போனது. "அது என்ரை அக்கா. இந்தப் பிள்ளையைப் பெத்தவ" என்றார். பிறகு, எதிர்க் கட்டிலுக்குச் சொல்வது போல, ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னார். "சண்டைக்குள்ள நாங்கள் இருக்கிறமோ செத்தமோ எண்டு ரெண்டு வருசம் இவவுக்குத் தெரியாது. தொலைக்காட்சியில எங்கட பக்கத்தைக் காட்டேக்க, அந்த வீட்டில நிண்டு பாக்க விடமாட்டினமாம். கோப்பை கழுவிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேப்பாவாம்."

அன்று பின்னேரம் சித்தி, "நான் போய்க் குளிச்சிட்டு வாறன். அவ வந்து இருப்பா" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் போனார். சற்று நேரத்தில் அம்மா வந்தார். உடுப்பின் விளிம்பெல்லாம் சேறு. கட்டிலின் கால்மாட்டோடு நின்றார், கிட்ட வரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. நான் அவரைக் குறித்து எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அவரும் எங்களைப் போலப் பயந்துகொண்டிருக்கிறார் என்பது மட்டும் அதுவரையில் எனக்குத் தோன்றவேயில்லை.

மிஸ்ஸி வந்தார். புது ஆளைக் கண்டதும், "நீங்கள் ஆர்? பாக்கிற நேரம் முடிஞ்சுது. வெளியில போங்கோ" என்றார். அம்மா மறுத்துச் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். போகச் சொன்னால் போகத்தான் தெரியும். அவர் திரும்பினார்.

"அம்மா" என்றேன்.

அவர் நின்றார். நின்று, என்னைப் பார்க்கவில்லை. சித்தி திரும்பி வந்துவிட்டாரோ என்று வாசலைப் பார்த்தார். வாசலில் ஒருவரும் இல்லை. திரும்பவும் பார்த்தார்.

"உங்களைத்தான்" என்றேன்.

"அப்ப நேற்று நிண்டவ?" என்று கேட்டார் மிஸ்ஸி.

"அவாவும்" என்றேன். மிஸ்ஸி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் அடுத்த கட்டிலுக்குப் போனார். அம்மா வந்து, கட்டிலின் விளிம்பில், விழுந்துவிடுவார் போல ஒரு ஓரமாக இருந்து, ஊசி ஏற்றாத என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் எடுத்த இரத்தத்தில், இறங்கியது நின்று ஏறத் தொடங்கிவிட்டது என்றார்கள்.

தை மாதத்தில் சித்திக்குக் கலியாணம் நடந்தது. பிள்ளை தேறட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சித்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மாதான் ஒற்றைக் காலில் நின்று நடத்தி வைத்தார். நெளுக்குளத்துக்குப் போகிற வான் எங்கள் படலையடியில் நின்றபோது நான் ஓடிப்போய் அதன் கதவைப் பிடித்துக்கொண்டேன். மாமி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற, வான் ஒழுங்கையால் திரும்பி மறைந்தது. "அழாதை, அழாதை, நல்ல நாளில அழக்கூடாது" என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா மட்டும் சொல்லவில்லை. என் பக்கத்தில் மணலில் இருந்துகொண்டு, "அழு பிள்ளை. நல்லா அழு. நான் போன அண்டைக்கு நீ நித்திரை. அழ விடாமல் போயிட்டன்" என்றார். நான் அவருடைய மடியில் முகத்தைப் புதைத்து, வான் போனதற்கும் அதற்கு முன்னால் போனதற்கும் சேர்த்து அழுதேன்.

இப்போது நான் கிளிநொச்சியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். சித்திக்கு இரண்டு பிள்ளைகள். விடுமுறைக்கு வந்தால் வீடு இரண்டுபடும். ஒழுங்கையில் வெளிநாடு போனவர்கள் எல்லாரும் நாள் தவறாமல் தொலைபேசியில் முகம் காட்டுகிறார்கள். வந்தால் விமான நிலையத்திலிருந்து வீட்டு வாசல்வரை வானிலேயே வந்து இறங்குகிறார்கள். தலைக்கு முழுகி, மாலை கட்டி, அயலோடு திரண்டு ஸ்டேசனுக்குப் போகிற வழக்கம் எப்போது ஒழிந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. தங்கம்மாக்காவும் இல்லை.

இல்லாமல் போனவற்றில், போனதே நல்லது என்று நான் நினைக்கிற ஒன்றும் உண்டு. வந்த புதிதில், பகலில் கண்ணயர்ந்த அம்மாவை யாராவது தொட்டு எழுப்பினால், கண் திறக்குமுன்னரே எழும்பி நின்றுகொண்டு "நஆம், மாமா" என்பார். அந்த வீட்டு எசமானியை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். அரபியில் அது, "ஓம், அம்மா" என்பது. வருடக்கணக்காக அந்தச் சொல் அவருடைய நித்திரையின் வாசலில் காவல் நின்றது.

போன மாதம் ஒரு மத்தியானம் வானம் திடீரென்று இருண்டது. முற்றத்தில் படங்கு விரித்துக் காயப்போட்டிருந்த நெல் நனையப் போகிறதே என்று, விறாந்தையில் பாயில் படுத்திருந்த அம்மாவைத் தோளில் பிடித்து உலுக்கினேன். அவர் திடுக்கிட்டுக் கண் விழித்தார். ஆனால் எழும்பவில்லை. "என்னடி சுகி, மனுசரைக் கொஞ்ச நேரம் நித்திரை கொள்ள விடமாட்டியே?" என்று ஏசிவிட்டு, மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நெல் முழுவதையும் நான் தனியாகவே அள்ளினேன்.